துடுப்புக்கு அடியில்

குழாயடியில் வாயைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பை ஊதும்போதுதான், தான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று வியாகுலம்மாளுக்கு உறைத்தது.

சொன்னது இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழா. பூசைப் பீடத்தில் விரிக்கிற பெரிய துணியைத் துவைத்துக் கொடுப்பது வருசத்துக்கு ஒரு வீட்டு முறை. இந்த வருசம் அவள் வீட்டு முறை. அதைக் கையால் துவைக்க மாட்டேன், துவைக்கிற மிஷினில்தான் போடுவேன் என்றாள். வெள்ளையாக வராவிட்டால் மிஷினைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறேன் என்றும் சொன்னாள். பன்னிரண்டு பெண்களும் இருபது குடங்களும் வரிசையில் நிற்கிறபோது சொன்னாள்.

சொல்ல வைத்தவள் சிலுவையம்மாள். வியாகுலத்தின் புருசன் இன்னாசிக்கு அக்கா. அடுத்த வீடு, நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்று, அதுவும் பாதி இடிந்தது.

"அந்த இரும்புப் பீப்பாயிலயா பீடத்துணியப் போடப் போற?" என்று ஆரம்பித்தாள் அவள். "ஒன் வூட்டு வேட்டிய கொடியில பாத்தேன். கொசு குந்தின மாதிரி கறுப்பு கறுப்பா கீது."

"அது ஹார்பர் கரிக்கா. காத்துல வர்து. ஒன் பொடவையில இல்லியா?"

"என் பொடவையில தட்னா உதுருது. ஒன் வேட்டியில தட்னா அப்பிக்குது. அது இன்னா கரி, ஒன் வூட்டுக்குன்னு தனியா கப்பல்ல வர்தா?"

குடங்கள் எல்லாம் சிரித்தன. அந்தச் சிரிப்புதான் வியாகுலத்தைத் தூக்கிவிட்டது. காயலான் கடை அப்படித்தான் வாயிலிருந்து விழுந்தது.

மிஷின் அந்தத் தெருவுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஹார்பர் எஞ்சினீயர் துரை ஒருவர் பங்களாவில் வியாகுலம் துணி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மூன்று வருசம் அந்த மிஷினை ஓட்டியவள் அவள்தான். துரைசானி கப்பலேறுகிற வாரத்தில், இதைத் தூக்கிக்கொண்டு போய் நான் என்ன செய்ய, நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். கைவண்டியில் கயிறு போட்டுக் கட்டி, இன்னாசி முன்னால் இழுக்க, அவன் தோஸ்து மஜீது பின்னால் தள்ள, ராயபுரம் மேம்பாலத்தை ஏறி இறங்கி வந்து சேர்ந்தது. தெருவே பின்னால் நடந்து வந்தது.

வெள்ளை எனாமல் பூசிய தொட்டி. தொட்டிக்கு நடுவில் மூன்று இறக்கை வைத்த ஒரு தண்டு நிற்கும். கரண்டு கொடுத்தால் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் துணியை உலுக்கும். மீன்காரத் தெரு அதற்குத் துடுப்பு என்று பேர் வைத்தது. தொட்டியின் மேலே ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு இரண்டு ரப்பர் உருளை; துணியை அதற்குள் கொடுத்தால் தண்ணீரைப் பிழிந்து அந்தப் பக்கம் அப்பளமாகத் துப்பும். அழுக்குத் தண்ணீர் போக அடியில் ஒரு ரப்பர் குழாய். கரண்டு இழுத்த ஏழு வீட்டில் அவர்கள் வீடும் ஒன்று என்பதால், கொல்லையில் துவைக்கிற கல்லின்மேலேயே மிஷினை ஏற்றி உட்கார வைத்தார்கள். கல்லுக்கு வேலை போயிற்று.

வியாகுலத்துக்குக் கை திரும்பி வந்தது. பன்னிரண்டு வயசிலிருந்து சோடாவிலும் சவுக்காரத்திலும் ஊறின கை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மீனுக்கு மிளகாய் பிசையும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பிசைவாள். மிஷின் வந்த மூன்றாம் மாதம் ஒருநாள் மிளகாய் பிசைந்து முடித்துக் கையைக் கழுவின பிறகுதான், இன்று எரியவே இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றாள். அந்தக் கையைத்தான் இப்போது காயலான் கடைக்குப் பந்தயம் வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் அருள்நாதன் பீடத்துணியை வெள்ளைத் துண்டில் சுற்றி, குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். ஒல்லியான மனிதர், மழை இல்லாத ஜூன் மாதத்திலும் கக்கத்தில் குடை. கொல்லைக்குப் போய் மிஷினைச் சுற்றி வந்தார். ரப்பர் உருளையைக் குடை நுனியால் தொட்டார்.

"இது இன்னாம்மா, கரும்பு புழியறதா?"

"தண்ணி புழியறது உபதேசியாரே."

"சரி, தொவைச்ச தண்ணி எங்க போவுது?"

"கொழா வழியா சாக்கடைக்கு."

உபதேசியார் துணி மூட்டையை மறுபடி மார்போடு சேர்த்துக்கொண்டார்.

"ஆவாது. பீடத்துணி தண்ணி சாக்கடைக்குப் போவக் கூடாது. மண்ணுலதான் உடணும். அதுவும் கால் படாத மண்ணு. ஒன் நாத்தனார் போன முறைக்குக் குண்டான்ல புடிச்சி மரத்துக்கு ஊத்தினாங்க."

"தென்ன மரத்தடி ஆவுமா?"

"தென்ன மரம் பேஷ். மாடு கீடு கட்றது இல்லியே?"

"மாடு ஏது? நானே ஒருக்களிச்சித்தான் நிக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். மூட்டையைக் கொடுத்தார். வியாகுலம் அன்றைக்கே கடற்கரைக்குப் போய் இரண்டு கூடை மணல் சுமந்து வந்து, தென்னை மரத்தடிச் சேற்றின்மேல் புதுசாகப் பரப்பினாள். கால் படாத மண் வேண்டுமென்றால் அது கடல் கொண்டு வந்து போட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை இன்னாசி ஷிப்டுக்குப் போனதும், முதலில் தன் வீட்டுப் போர்வையைப் போட்டு வெள்ளோட்டம் விட்டாள். பன்னிரண்டு வாளித் தண்ணீர், அதில் நாலு வாளி கொதிக்கக் கொதிக்க. சவுக்காரத்தைச் சீவிப் போட்டாள். துடுப்பு கொடக் கொடக் என்று திரும்பியது. இருபது நிமிசம் கழித்து மிஷினை நிறுத்திக் குழாயை இழுத்துத் தென்னை மரத்தடியில் விட்டாள். மணல் தண்ணீரை உறிஞ்சிக் குடித்தது. குடித்து முடித்ததும், வெள்ளை மணலில் ஒரு கறுப்பு வளையம் நின்றது. கண்ணுக்கு மை இழுத்த மாதிரி.

குனிந்து பார்த்தாள். கரி என்றுதான் முதலில் நினைத்தாள். அந்தத் தெருவில் எது கறுத்தாலும் ஹார்பர் கரிதான். சோற்றில் கறுப்பா, கரி. மூக்கைச் சிந்தினால் கறுப்பா, கரி. தெற்கத்திக் காற்று கிளம்பினால் ஹார்பரில் குவித்து வைத்த நிலக்கரி எல்லாம் தெருவுக்குத்தான் குடிவரும். அதனால் கறுப்பைப் பார்த்தால் எவரும் அதற்குமேல் கேட்பதில்லை.

அவள் விரலால் தொட்டுத் தேய்த்தாள். கரி பொடியாகும். இது வழுக்கியது. மோந்து பார்த்தாள்.

பதினைந்து வருசம். கல்யாணமான மறுநாள் காலையில் அவள் துவைத்த முதல் சொக்காயில் இருந்த வாசனை. ஹார்பரில் விஞ்சு ஓட்டுகிற இன்னாசியின் சொக்காய்.

"கரியாம் கரி," என்றாள் தென்னை மரத்தைப் பார்த்து.

போர்வையை எடுத்து விரித்தாள். ஏழெட்டு இடத்தில் புள்ளி. தட்டினாள். உதிரவில்லை.

இன்னாசி வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. கப்பல் சரக்கை மேலே தூக்கிக் கரையில் இறக்குகிற விஞ்சு அவன் கையில் பதினேழு வருசமாக இருக்கிறது. ஹார்பரில் சத்தம் போடாத விஞ்சு எது என்று கேட்டால் இன்னாசியுடையது என்பார்கள். அதில் அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தேதான் இருக்கும்.

சோறு போட்டாள். காரப்பொடி மீன் குழம்பு ஊற்றினாள். அவன் இரண்டு வாய் தின்னட்டும் என்று காத்திருந்து, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாழையிலைத் துண்டை வைத்தாள். அதில் ஒரு பிடி கறுப்பு மணல்.

"இன்னாமே இது?"

"மோந்து பாரு."

மோந்தான். குழம்பைப் பிசைந்தான். ஒரு மீனை முள்ளெடுத்துத் தின்றான். பிறகு சொன்னான்:

"கரி."

"கரியா?"

"கரிதான். காத்துல..."

"யோவ். பதினஞ்சு வருசமா ஒன் சொக்காவ தொவைக்கிறவ நானு. எந்தக் கப்பல்ல வேல செஞ்சேன்னு காலரப் பாத்துச் சொல்லுவேன். எங்கிட்டயே டபாய்க்கிறியா? மிஷின இன்னா பண்ண?"

இன்னாசி கையைத் தட்டின் விளிம்பில் வழித்தான்.

"பண்றது இன்னா. கிரீஸ் போட்டேன்."

"எங்க?"

"துடுப்பு உச்சியில ஒரு மூடி கீது பாரு. அதக் கழட்டிட்டு, ஒரு எலுமிச்சம்பழம் அளவு உருட்டி, கட்டவிரலால உள்ள தள்ளி மூடிடுவேன். ஞாயித்துக்கிழம நீ ரெண்டாம் பூசைக்குப் போறப்ப."

"எத்தினி ஞாயித்துக்கிழம?"

"வந்ததுலருந்துதான்."

வியாகுலம் மனசுக்குள் எண்ணினாள். முப்பது வாரம். முப்பது எலுமிச்சம்பழம்.

"ஏன்யா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்றதுக்கு இன்னா கீது? கிரீஸ் இல்லாம எந்த மிஷினு ஓடும்? பாத்துக்கினே இருந்தா திடீர்னு ஒருநாளு நின்னுடும். அப்பால நீ மறுபடி கல்லுல நின்னு அடிச்சினு இருப்ப. ஒன் கையி..." அதற்குமேல் சொல்லாமல் அவன் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தான்.

அவளுக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒரே சமயத்தில் வந்து தொண்டையில் இடித்துக்கொண்டன. முதலில் வெளியே வந்தது ஆத்திரம்தான்.

"எழுந்திரு. துன்னது போதும். அந்தத் துடுப்பக் கழட்டு. இன்னிக்கிப் பொழுதுக்குள்ள மிஷினு சுத்தமாவணும். நாளைக்கிக் காலைல பீடத்துணி. இல்லன்னா ஒங்கக்கா கைவண்டிய அவளே புடிச்சினு வந்துடுவா."

மஜீது வந்து சேர்ந்தது அந்தச் சமயம். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து, எங்கேயோ சீட்டி அடித்துத் திரிந்துவிட்டு, வெள்ளை ஜிப்பாவும் அத்தரும் தொப்பியுமாகக் காரப்பொடிக் குழம்புக்கு வந்திருந்தான். இப்போது இன்னாசிக்குப் பக்கத்து விஞ்சு. அதற்கு முன் எட்டு வருசம் கப்பலில் சலவை அறையில் வேலை பார்த்தவன். கொல்லையில் இன்னாசி துடுப்பைக் கட்டிப்பிடித்து முக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றான்.

"இன்னா மாமு, மிஷினோட குஸ்தியா?"

"வரமாட்டேங்குதுடா. வா, ஒரு கை புடி."

"ஜிப்பா வெள்ள மாமு. நம்மளால ஆவாது. நான் வாயால புடிக்கிறேன்."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கைக்குட்டையை விரித்து, தள்ளி உட்கார்ந்துகொண்டான். வியாகுலம் விசயத்தைச் சொன்னாள். அவன் தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியவில்லை.

"துடுப்புக்கா கிரீஸ் வச்ச? டேய் கஸ்மாலம், தொவைக்கிற தண்ணியே அதுக்கு எண்ணெடா! கீழ பல்சக்கரப் பெட்டி கீது, அதுக்குள்ள போட வேண்டியத செஞ்சவனே போட்டு மூடிட்டான். நீ வச்சது பூரா சுடுதண்ணியில உருகி அடியில எறங்கி, துணியில ஏறி, ஒன் வேட்டியா நடந்துகினு கீது."

"விஞ்சுக்குப் போட்றோமே..."

"விஞ்சுல பீடத்துணி தொவைப்பியா?"

அப்படியும் இன்னாசி, ஹார்பரிலிருந்து சங்கிலிக் கப்பி கொண்டு வந்து மாட்டித் தூக்கினால் துடுப்பு வந்துவிடும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். மஜீதும் யோசித்து, தென்னை மரத்தில் கப்பியைக் கட்டலாம் என்றான். இரண்டு ஆம்பிளைகளும் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வியாகுலம் அடுப்பிலிருந்து கொதிக்கிற தண்ணீர்க் குண்டானைத் தூக்கி வந்து துடுப்பைச் சுற்றி ஊற்றினாள். ஒரு செபம் சொல்கிற நேரம் காத்திருந்தாள். முந்தானையால் பிடித்து ஒரு திருகு திருகி மேலே இழுத்தாள்.

ப்ளக் என்று வந்துவிட்டது.

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். கேழ்வரகுக் களி மாதிரி கறுத்துப்போய் ஒரு களி. சவுக்காரமும் கிரீசும் மயிரும் நூலும் சேர்ந்து உறைந்தது. அதில் நாலு சட்டைப் பொத்தான், ஒரு ஊக்கு, ஜெபமாலை மணி ஒன்று, வாளைமீன் முள் ஒன்று. நாற்றம் எழும்பி ஜிப்பா அத்தரை ஜெயித்தது.

"இதுலதான் நம்ம துணி ஊறினு கெடந்திச்சா?" என்றாள்.

"கலீஜ்," என்றான் மஜீது மரியாதையோடு. "எட்டு வருசம் கப்பல்ல இதுமாதிரி பாத்ததில்ல."

கொட்டாங்குச்சியால் வழித்து வழித்துப் பழைய பானையில் போட்டாள். பானை முக்கால் நிரம்பியது. இன்னாசி கிருஷ்ணாயில் பாட்டிலோடு வந்தான்.

"கிருஷ்ணாயில் ஊத்தினா கிரீஸ் பறந்துடும்."

"ரப்பர்ல படாத!" என்று வாளிமேல் இருந்தபடியே மஜீது கத்தினான். "ரப்பர் ஊதிப் பூடும். அப்பால உருள துணிய புழியாது, மெல்லும். இரும்புல மட்டும், துணியில தொட்டுத் தொடை. அப்பால சோடாத் தண்ணி போட்டு மூணு வாட்டி கழுவு. உருளைக்கி வெறும் சவுக்காரம். இன்னொண்ணு அண்ணி, வேல முடிஞ்சா உருள ரெண்டையும் தளர்த்தி வுடணும். இறுக்கியே வச்சா தட்டையாப் பூடும். மூடியத் தெறந்து காய வுடணும். மூடி வச்சா நாறும்."

"துரைசானி வூட்ல இதெல்லாம் யாரும் சொல்லலியே."

"அங்க மெக்கானிக் வருவான். இங்க மெக்கானிக்கு யாருன்னு பாத்துக்கினியா?"

துடுப்பை இன்னாசி தேய்த்தான். தண்டை இன்னாசி துடைத்தான். ரப்பர் குழாய்க்குள் கம்பியில் கந்தலைச் சுற்றி விட்டு இழுத்து, மறுபடி விட்டு இழுத்து, அதையும் அவனே செய்தான். எந்தக் கறுப்பையும் கையாலேயே துடைத்துப் பழகினவனுக்கு, தோள் முட்டும் வரை பூசிக்கொள்வதில் ஒரு சங்கடமும் இல்லை. வியாகுலம் தொட்டியின் உள்சுவரை சோடாவும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாள். இன்றைக்கு விரல் எரிந்தது. எரியட்டும், ஒருநாள்தானே என்று விட்டாள்.

நாலரைக்குச் சுவருக்கு மேல் சிலுவையம்மாளின் தலை முளைத்தது.

"இன்னாடா நாத்தம் அது? கருவாடு அவிக்கிறீங்களா?"

"ஒண்ணுமில்லக்கா," என்றான் இன்னாசி, பானையைக் காலால் மிஷினுக்குப் பின்னால் தள்ளியபடி. "மரத்துக்கு மருந்து."

"மரத்துக்கு மருந்து வைக்கிறதுக்கு மிஷின ஏண்டா அவுத்துப் போட்டு வச்சிக்கீற?"

"அதுக்கும் சேத்துத்தாங்கா."

தலை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. தம்பியின் கையைத் தோள் வரைக்கும் பார்த்தது. பிறகு இறங்கிவிட்டது. இறங்கின பிறகும், சுவருக்கு அந்தப் பக்கம் கால் நகர்ந்த சத்தம் கேட்கவில்லை.

துணி போடாமல் சுடுதண்ணீரும் சோடாவும் மட்டும் ஊற்றி மிஷினை ஓட்டினார்கள். குழாயை மரத்தடியில் விட்டார்கள். மணலில் கறுப்பு வளையம். அந்த மணலை அள்ளிப் போட்டுவிட்டு வேறு மணல் பரப்பி மறுபடி. சாம்பல் வளையம். மூன்றாம் தரம், பார்வைக்கு இல்லை. விரலால் தேய்த்தால் வழுக்கல். இன்னாசி போதும் என்றான். அவள் பதில் சொல்லாமல் கூடையை அவன் தலையில் வைத்தாள். அவன் கடற்கரைக்குப் போய் வந்தான். நாலாம் தரம் மணல் நனைந்து வெறும் மணலாகக் கிடந்தது. அவள் அள்ளி மோந்து பார்த்தாள். கடல் வாசனை.

மஜீது எழுந்து ஜிப்பாவை உதறினான். ஒரு சொட்டுப் படவில்லை. "இப்பவாச்சும் கொழம்பு ஊத்துவீங்களா அண்ணி?" என்றான்.

சனிக்கிழமை விடிந்ததும் பீடத்துணி. ஓரத்து லேஸை மடித்துத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி மிஷினில் விட்டாள். உருளையில் கொடுக்கவில்லை; கையாலேயே அழுத்திப் பிழிந்தாள். கடைசித் தண்ணீரில் ஒரு துளி நீலம். தெற்கத்திக் காற்று பத்து மணிக்குக் கிளம்பும். அதற்கு முன் காய்ந்தாக வேண்டும். காய்ந்துகொண்டிருந்த இரண்டு மணி நேரமும் அவள் கொடிக்குக் கீழே உட்கார்ந்து, ஹார்பர் பக்கம் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள். கரித்தூள் கூடக் கொஞ்சம் பயந்த மாதிரிதான் இருந்தது. கொட்டாங்குச்சிக் கரி போட்டு இஸ்திரி தேய்த்து மடித்தபோது, வெள்ளை கண்ணைக் குத்தியது.

"கையக் காட்டு," என்றாள் புருசனிடம்.

இன்னாசி காட்டினான். மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவின கை. நகக்கண்ணில் மட்டும் பதினேழு வருசம் இருந்தது, அது போகாது. மூட்டையை வெள்ளைத் துண்டில் சுற்றி அவனிடம் கொடுத்தாள். "நேரா கோயிலுக்கு. எங்கியும் நிக்காத." அவன் அதை சைக்கிள் ஹாண்டில்பாரில் வைத்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டு போனான். வருவதற்கு ஏனோ கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்து வழிந்தது. பெண்கள் பக்கத்தில் முழங்காலில் நின்ற வியாகுலம் சாமியாரைப் பார்க்கவில்லை, பீடத்தைத்தான் பார்த்தாள். இத்தனை மெழுகுவர்த்திக்கும் நடுவில் துணிதான் வெளிச்சமாக இருந்தது. குழாயடிப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். உபதேசியார் அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் துணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. துணியின் வலது மூலையில் ஒரு கொத்து அரளிப்பூவை ஊக்குப் போட்டுக் குத்தியிருந்தது. இடது மூலையில் இல்லை. பீடம் அலங்கரித்தது சிலுவையம்மாள். இரண்டு பக்கமும் சரியாக இல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

பூசை முடிந்து கூட்டம் தேரைப் பார்க்க வெளியே ஓடினதும் சிலுவையம்மாள் வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். பீடத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அரளிக்கொத்தை விரலால் தூக்கினாள்.

கட்டைவிரல். ரேகை ரேகையாக, பத்திரத்தில் வைத்த மாதிரி, சுத்தமான கறுப்பில் ஒரு கட்டைவிரல்.

யாருடையது என்று வியாகுலம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நேத்து தூக்கினு வர்றப்ப சைக்கிள் செயின் கழண்டுகிச்சாம்," என்றாள் சிலுவையம்மாள். "மூட்டைய செவுத்து மேல வச்சிட்டு மாட்டினானாம். கையத் தொடச்சிட்டேன்னு சொல்றான். கோயிலுக்கு வந்து, தொட்டுப் பாருக்கா எப்டி கீதுன்னு அவனே பிரிச்சிக் காட்னான், பெருமையா. எங்கிட்டயா? கல்யாணத்துக்கு முன்ன அவன் சொக்காவ ஆறு வருசம் தொவைச்சவ நானு. அப்பவே பாத்துட்டேன்."

"அக்கா..."

"மூச்சு வுடாத. வெள்ளையா வந்திச்சா?"

"வந்திச்சிக்கா."

"வந்திச்சி. கறுப்பு அப்பால வந்தது. அது மிஷினு பண்ணதில்ல." பூக்கொத்தை மறுபடி சரியாகப் படியவிட்டாள். கொஞ்ச நேரம் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டாள். சோடா தின்ற கை, வியாகுலத்துக்குப் பழக்கமான கை. "எங்கிட்ட ரெண்டு ஜமுக்காளம் கீது. கல்லுல அடிக்க முடியல. நாளைக்கி செவுத்துக்கு மேல போட்டு வைக்கிறேன்."

"நானே வந்து எடுத்துக்கிறேங்கா."

வெளியே தேர் கிளம்பி வெடி போட்டார்கள். கூட்டத்தில் இன்னாசியின் தலை தெரிந்தது; இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு, அவர்களைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பெண்களும் அந்தக் கைகளையே பார்த்தார்கள்.

"மிஷினு இருந்துட்டுப் போவட்டும்மே," என்றாள் சிலுவையம்மாள். "அந்தக் கட்டவிரலக் கொண்டும்போய் காயலான் கடையில போடு."